ஓடினால் சதை கரையுமா? ஜிம்மில் ஓட்டக்காரர்கள் கேட்கும் பேச்சும் அதன் பின்னணியும்

ஜிம்மில் சேரும்போது தரும் படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு வரி இருக்கும். எடை குறைக்க, எடை கூட்ட, பாடி பில்டிங், பொதுவான ஆரோக்கியம் என்று நாலு கட்டம். அரை மாரத்தான் ஓடிப் பழகி, காலை உறுதியாக்க வேண்டும் என்று நான் போய் நின்ற இடத்தில், நான் பேனாவை எடுப்பதற்குள் பயிற்சியாளரே என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'எடை கூட்ட' என்பதில் டிக் போட்டார். ஓடுகிறேன் என்றதும், "அதான் சார், ஓடி ஓடி சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. ஆறு மாசம் ஓட்டத்தை நிறுத்துங்க" என்றார். மறுவாரம், தோளில் பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ராக் பக்கம் போனபோது அவரே சொன்னது: "கால்தான் தினமும் வேலை செய்யுதே, உங்களுக்கு எதுக்கு லெக் டே? செஸ்ட் போடுங்க."

இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஓட்டம் தசையைக் கரைக்கிறது என்றால் காலுக்குத்தான் முதலில் பளு வேண்டும். ஓட்டமே காலுக்குப் போதும் என்றால் அது தசையைக் கரைக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வாயில் இருந்து, ஒரு வார இடைவெளியில் வருகின்றன. அந்தப் பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் இதையேதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஓடுகிற பலர் ஊர் ஊருக்கு இதே வசனங்களைக் கேட்பதால், இவை எங்கே இருந்து வந்தன, எவ்வளவு தூரம் உண்மை, இவற்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

அடிப்படை: தசை எதைப் பார்த்து மாறுகிறது

தசை என்பது நார்களின் கட்டு. அந்த நார்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். மெதுவாகச் சுருங்கி, நெடுநேரம் களைக்காமல் வேலை செய்பவை ஒன்று. சட்டென்று பலமாகச் சுருங்கி, சீக்கிரம் களைத்துப் போகிறவை இன்னொன்று. எல்லோருடைய காலிலும் இரண்டும் உண்டு, விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். முன்னணி மாரத்தான் வீரர்களின் காலில் முதல் வகையே மிகுதி. நூறு மீட்டர் வீரர்களிடம் இரண்டாவது வகை அதிகம்.

உடம்பு எந்த வேலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதோ அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கனமான பளுவைச் சில தடவை தூக்கினால் நார்கள் தடிக்கும், நரம்புகள் அவற்றை ஒரே நேரத்தில் இயக்கப் பழகும். நெடுநேரம் ஓடினால் தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் பெருகும், இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடும். முதல் மாற்றம் வெளியே தெரியும். இரண்டாவது மாற்றம் முழுக்க உள்ளே நடக்கிறது, எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. ஜிம்மில் ஓட்டக்காரரைப் பற்றிச் சொல்லப்படும் ஏறக்குறைய எல்லாமே, வெளியே தெரிவதை மட்டும் கணக்கில் எடுப்பதால் வருவது.

"ஓடினால் சதை கரையும்": 1980 ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

இந்த நம்பிக்கைக்கு உண்மையிலேயே ஓர் அறிவியல் வேர் உண்டு. 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூன்று குழுக்களைப் பத்து வாரம் பயிற்றுவித்தார். முதல் குழு வாரம் ஐந்து நாள் பளுப் பயிற்சி மட்டும் செய்தது. இரண்டாவது குழு வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம், கடுமையான ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாவது குழு இரண்டையும் முழுசாகச் செய்தது. மூன்றாவது குழுவின் கால் பலம் முதல் ஏழு வாரம் போல ஏறியது, அப்புறம் நின்றது, கடைசி வாரங்களில் இறங்கியது. பளுவோடு சேரும் ஓட்டம் பலத்தை இழுத்துப் பிடிக்கிறது என்ற கருத்துக்கு இதுதான் தொடக்கம்.

ஜிம் பேச்சில் இந்த முடிவு மட்டும் தங்கிவிட்டது. வாரத்துக்குப் பதினோரு கடும் பயிற்சி என்ற அளவு காணாமல் போய்விட்டது. அந்த அட்டவணையை யார் செய்தாலும் உடம்பு ஓய்வு கேட்கும். வாரம் மூன்று நாள் ஓடி, இரண்டு நாள் பளு தூக்கும் ஓர் ஐ.டி. ஊழியருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ அந்த முடிவை அப்படியே ஒட்ட வைப்பது சரியில்லை.

இன்னொரு முக்கியமான விஷயமும் விட்டுப்போனது. அதே ஆய்வில், பளு தூக்கியதால் மூன்றாவது குழுவின் இதய நுரையீரல் திறன் குறையவில்லை. அதாவது ஓட்டக்காரருக்குப் பளுவால் கெடுதல் இல்லை என்பதும் அன்றைக்கே தெரிந்திருந்தது. ஹிக்சனுக்குப் பிறகு நாற்பது வருஷமாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான அலசல், ஓட்டமும் பளுவும் சேர்வதால் தசையின் பருமனும் உச்ச பலமும் தடைபடவில்லை என்றே சொல்கிறது. பாதிப்பு தென்பட்டது வெடிப்பு வேகத்தில், அதாவது குதிப்பது, எகிறுவது போன்ற செயல்களில். அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் செய்தபோதுதான் கூடுதலாக.

அப்படியென்றால் ஓடுகிறவர்கள் சிலர் வற்றிப்போவது ஏன்? அதற்கான காரணங்கள் வேறு:

1. சாப்பாட்டுக் கணக்கு. ஓட்டத்தில் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ உள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கலோரி. ஓடி முடித்துக் குளித்து, இரண்டு இட்லியும் காபியும் குடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புகிறவர் அந்தக் கடனை அடைக்கவில்லை. இதையே மாதக்கணக்கில் செய்தால் உடம்பு தசையிலும் கை வைக்கும்.

2. புரதம். தொடர்ந்து பயிற்சி செய்பவருக்குக் கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 2 கிராம் புரதம் வேண்டும் என்று விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். சோறும் சாம்பாரும் ரசமும் பிரதானமான தட்டில் இந்த 72 தானாக வந்து விழாது, யோசித்துச் சேர்க்க வேண்டும்.

3. தேர்வு. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு நெடுந்தூரம் எளிதாக வரும், அதனால் அவர்கள் அதில் நிலைக்கிறார்கள். கூடைப்பந்து ஆடியதால் யாரும் ஆறரை அடி ஆவதில்லை. உயரமானவர்கள் கூடைப்பந்தில் தங்குகிறார்கள். ஓட்டத்திலும் அதேதான் நடக்கிறது, ஆனால் இங்கே மட்டும் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிடுகிறோம்.

சாண்டோ விட்டுப்போன அளவுகோல்

ஜிம் ஏன் கண்ணால் அளக்கிறது? அதற்கு ஜிம் எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் இருந்தவை கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி. அவை மல்லுக்கும் சிலம்பத்துக்கும் உடம்பைத் தயார் செய்தவை, அதாவது ஒரு வேலைக்காக. உடம்பின் தோற்றத்தையே போட்டியாக்கியவர் பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ. 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய போட்டியில் யார் எவ்வளவு தூக்குகிறார்கள் என்பது கேள்வியே இல்லை. தசையின் அமைப்பும் சீரும்தான் மதிப்பெண்.

அடுத்த சில வருடங்களில் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து போனார். அந்தப் பெயர் இங்கே எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இருந்து வந்து உடற்கட்டுக்குப் பேர் வாங்கிய படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரை 'சாண்டோ' என்ற அடைமொழி இல்லாமல் யாரும் சொன்னதில்லை. கையில்லாத பனியனை இன்றும் சாண்டோ பனியன் என்றுதான் கடையில் கேட்கிறோம். ஆணழகன் போட்டிகளின் சுவரொட்டியும் ஜிம் வாசலில் இருக்கும் படமும் அந்த வழியில் வந்தவை.

தோற்றத்தை வளர்ப்பதில் எந்தத் தப்பும் இல்லை. அதற்கு வேண்டிய கட்டுப்பாடும் உழைப்பும் ஓட்டக்காரனுக்கு நன்றாகவே புரியும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு விளையாட்டின் அளவுகோலை எல்லா உடம்புக்கும் வைக்கும்போது. ஓட்டத்தின் அளவுகோல் கடிகாரம். 10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் ஓடியவர் 54 நிமிடத்துக்கு வந்தால் அவர் உடம்பில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. ஆனால் அதை 'முன்பு, பின்பு' என்று இரண்டு படமாக எடுத்துச் சுவரில் ஒட்ட முடியாது. பல ஜிம்களில் பயிற்சியாளரின் வருமானம் தனிப்பட்ட பயிற்சிக்குச் சேரும் ஆட்களையும், விற்கும் புரதப் பொடியையும் நம்பி இருக்கிறது. இரண்டையும் விற்பது படங்கள்தான். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றத்தைப் பேசுவதற்கு அந்த அமைப்பில் யாருக்கும் காரணம் இல்லை.

"கால்தான் ஓடுதே, லெக் டே எதுக்கு?"

என்னைக் கேட்டால் ஓட்டக்காரருக்கு அதிகக் கெடுதல் செய்யும் வசனம் இதுதான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற வேகத்தில் ஓடுகிறவர் நிமிடத்துக்கு 170 காலடி வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் காலடி. பத்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ பத்தாயிரம், ஒரு காலுக்கு ஐயாயிரம். ஒவ்வொரு தடவை கால் ஊன்றும்போதும் தரை திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் தசை அந்த நொடியில் தாங்குவது உடல் எடையின் 6 முதல் 8 மடங்கு. 60 கிலோ ஆளுக்கு அது 360 கிலோவுக்கு மேல்.

அந்தத் தசைக்கும் குதிகால் நாணுக்கும் ஓட்டம் தருவது ஒரே அளவு சுமையின் ஆயிரக்கணக்கான திருப்பங்கள். அது தாங்கும் சக்தியை ஓரளவுக்குத்தான் கூட்டும். மேலே கூட்ட வேண்டுமென்றால் ஓட்டத்தில் கிடைக்காத, மெதுவான, கனமான சுமை வேண்டும். கையில் பளுவோடு குதிகாலைத் தூக்கி இறக்கும் காஃப் ரெய்ஸ், ஸ்குவாட், ஒற்றைக் காலில் நின்று குனிந்து பளுவோடு நிமிரும் டெட்லிஃப்ட் எல்லாம் அதற்காகத்தான். இது காயத்தைத் தவிர்க்க மட்டும் அல்ல. பின்லாந்தில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் தங்கள் பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியைக் குதிப்பு, குறுவேக ஓட்டம், பளு ஆகியவற்றுக்கு மாற்றினார்கள். ஒன்பது வாரத்தில் அவர்களின் 5 கிலோமீட்டர் நேரம் சுமார் 3 சதவீதம் குறைந்தது. உடம்பு ஆக்சிஜனை உறிஞ்சும் உச்ச அளவு கூடவே இல்லை. அதே வேகத்துக்குக் குறைவான சக்தி செலவானது, அவ்வளவுதான். 20 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 3 சதவீதம் என்றால் 36 விநாடி. ஓடுகிறவர்களுக்குத் தெரியும் அந்த 36 விநாடியின் விலை.

1981-இல் 800 மீட்டரில் செபாஸ்டியன் கோ வைத்த 1 நிமிடம் 41.73 விநாடி என்ற உலக சாதனை 1997 வரை நின்றது. பளுப் பயிற்சி அவருடைய வழக்கத்தில் நிலையான பகுதி. பார்ப்பதற்கு அவர் ஒல்லிதான்.

பெண்களுக்கு இரண்டு பக்கமும் கதவு

பெண் ஓட்டக்காரர்களிடம் இந்தப் பேச்சு இன்னும் மோசமாகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், முழு மாரத்தான் ஓடியவர், 'லேடீஸ் டைம்' ஒதுக்கிய ஒரு ஜிம்மில் பளு மாட்டித் தூக்கும் பார் (கம்பி) வேண்டும் என்று கேட்டார். கையில் கொடுத்தது 2 கிலோ டம்பெல். "வெயிட் போட்டா ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க மேடம், ட்ரெட்மில்லே போதும்." வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்ப்பவர் அவர்தான்.

உடற்கூறு என்ன சொல்கிறது? தசையைத் தடிக்க வைப்பதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்புக்குப் பெரிய பங்கு. வளர்ந்த ஆண்களின் ரத்தத்தில் அது பெண்களைப் போல ஏறத்தாழ 15 மடங்கு இருக்கும். அதனால் பெண்கள் பளு தூக்கும்போது பலம் நன்றாகவே கூடும், பருமன் ஆண்களுக்குக் கூடும் அளவுக்குக் கூடுவதில்லை. மறுபக்கம், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். அதற்கு எதிராக நம்மிடம் இருக்கும் நல்ல தடுப்புகளில் பளுப் பயிற்சியும் ஒன்று. அந்த நேரத்தில் கையில் 2 கிலோ டம்பெலோடு நிறுத்தி வைப்பது நிஜமான இழப்பு.

இந்தப் பேச்சின் வரலாறும் கவனிக்க வேண்டியது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்த பெண்கள் சரிந்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுத, அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-இல். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை அமைப்பாளர் ஒருவர் ஓட்டத்தின் நடுவிலேயே பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் 1984-இல்தான் வந்தது. பளு தூக்குதல் அதற்கும் பின்னால், 2000 சிட்னியில். அங்கே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்.

ஓடக் கூடாது என்றதற்குச் சொன்ன காரணம், பெண் உடம்பு தாங்காது. தூக்கக் கூடாது என்பதற்குச் சொல்லும் காரணம், பெண் உடம்பு ஆண் உடம்பாகிவிடும். அதிகம் பலவீனம் என்றும் அதிகம் பலமாகிவிடும் என்றும் சொல்லி இரண்டு கதவையும் அடைத்தார்கள். ட்ராக்கில் அந்தக் கதவு திறந்துவிட்டது. நம் ஜிம்களில் இன்னும் திறக்கவில்லை.

ட்ரெட்மில் என்ற தண்டனை

ஓடுகிறவருக்கு ஜிம்மில் காதில் உறுத்தும் இன்னொரு பேச்சு: "நேத்து பிரியாணியா? அப்போ இன்னைக்கு அரை மணி நேரம் ட்ரெட்மில்." ஓட்டம் இங்கே சாப்பிட்ட பாவத்துக்குப் பரிகாரம். 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரத்தின் பெயர்தான் இந்த இயந்திரத்துக்கும் வந்தது. பெயரோடு அந்த மனநிலையும் வந்துவிட்டதோ என்று தோன்றும்.

இதன் விளைவு சாதாரணமானது அல்ல. பளு தூக்குகிறவர்களில் பலர் ஓட்டத்தை எடை குறைக்கும் கருவியாக மட்டும் பார்த்து, எடை சரியாக இருந்தால் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கமோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கமோ கேட்கிறது. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசையை உறுதியாக்கும் பயிற்சியும் கேட்கிறது. ஒன்று போதும், மற்றது வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை.

முழங்கால் பயமும் இதோடு சேர்ந்ததுதான். 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் காணப்பட்டது ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், போட்டிக்காகத் தீவிரமாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். எடை குறைந்தவர்களே ஓட வருகிறார்கள் என்பது இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனாலும் பொழுதுபோக்காக ஓடினாலே முழங்கால் போய்விடும் என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை.

ஓட்டக்காரர்கள் தரப்பிலும் பேசியாக வேண்டும்

பழி முழுவதையும் ஜிம் மேல் போடுவது நியாயம் இல்லை. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடி முடித்து டீக்கடையில் நிற்கும் கூட்டத்தில் "அதெல்லாம் வெத்து பாடி, ரெண்டு கிலோமீட்டர் ஓடச் சொல்லு பாப்போம்" என்ற பேச்சு சகஜம். அதுவும் கண்ணால் அளப்பதுதான்.

அதைவிட ஆபத்தானது, எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை. கொஞ்ச தூரத்துக்கு அது சரி. அதற்கு மேல் உடம்புக்கு வேண்டிய சக்தி தொடர்ந்து கிடைக்காத நிலை வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், எலும்பில் மயிரிழை விரிசல் விழும், ஆண்களுக்கும் சுரப்புகள் குறையும், சளி காய்ச்சல் அடிக்கடி வரும். மெலிந்த ஓட்டக்காரரைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று ஒரு ஜிம் பயிற்சியாளர் சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டையும் ஒரே வாரத்தில் வைப்பது எப்படி

1. கனமான கால் பயிற்சியையும் வேக ஓட்டத்தையும் ஒட்டி ஒட்டி வைக்க வேண்டாம். நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் இருக்கட்டும். காலையில் ஓட்டம், மாலையில் பளு என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவரும்.

2. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் என்றால் சனிக்கிழமை ஸ்குவாட் வேண்டாம். புதனும் வெள்ளியும் பொருந்தும்.

3. பளு கனமாக, எண்ணிக்கை குறைவாக. ஒரு செட்டுக்கு 5 முதல் 8 ரெப் (தடவை). 'ஓட்டக்காரர்தானே' என்று 30, 40 ரெப் கொடுத்தால், ஓட்டத்தில் ஏற்கெனவே செய்த வேலையைத்தான் திரும்பச் செய்வீர்கள். முதல் சில வாரம் மட்டும் பழகுவதற்காக இலேசாகத் தொடங்குங்கள்.

4. போட்டிக்கு முந்தைய வாரம் கால் பளுவைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள்.

5. பயிற்சியாளரிடம் 'ஓடுகிறேன்' என்று மட்டும் சொல்லாமல், ஒரு தாளில் மூன்று எண் எழுதிக் கொடுங்கள்: வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், அடுத்த போட்டி என்றைக்கு, ஒற்றைக் காலில் எத்தனை காஃப் ரெய்ஸ் வருகிறது. கடைசி எண்ணை வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் இரண்டு விரல் மட்டும் ஊன்றி, முழங்காலை மடக்காமல், குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டுகள் பரவலாக எதிர்பார்க்கும் எண் 25. ஐந்து வருஷமாக ஓடிய நான் முதல் தடவை செய்து பார்த்தபோது வலது காலில் 22 வந்தது, இடது காலில் 13-இல் நின்றுவிட்டது. இரண்டு சீசனாக வலித்துக்கொண்டிருந்தது அந்த இடது குதிகால்தான்.